தவளைத் தோல் சோடியத்தை மட்டும் எப்படித் தெரிந்து உள்ளே எடுக்கிறது?

தலவாக்கலை மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன், வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். மழை நாளில் அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வரும்போது காலெல்லாம் அட்டை ஏறியிருக்கும், அதைப் பிடுங்கிப் போட லயத்து வாசலில் ஒரு வாளியில் உப்புத் தண்ணி வைத்திருப்போம். நாலைந்து லீற்றர் தண்ணியில் இரண்டு கைப்பிடி உப்பு இருக்கும். போன கிழமை இரவு அந்த வாளிக்குள் ஒரு தவளை விழுந்திருக்கிறது. காலையில் தம்பி பார்த்தபோது செத்துக் கிடந்தது. அவன் அழுதுவிட்டான், எனக்கும் மனசு சரியில்லை, ஏனென்றால் வாளியை மூடாமல் வைத்தது நான்.

அது செத்ததற்குக் காரணம் பிரசாரணம், அதாவது உப்புச் செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணி இழுபடுவது, என்று எழுதினால் புள்ளி கிடைக்கும், அது தெரியும். எனக்கு விளங்காதது அதற்கு எதிர்ப்பக்கம். எங்கள் பீலிக்கரையில் இதே தவளைகள் வருடம் முழுக்க இருக்கின்றன. மலையிலிருந்து வரும் அந்தத் தண்ணியில் உப்பே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் தவளையின் உடம்பிலிருக்கும் உப்பு எல்லாம் தோல் வழியாகத் தண்ணிக்குக் கரைந்து போயிருக்க வேண்டுமே? வகுப்பில் கேட்டதற்கு, தோல் சோடியத்தை உயிர்ப்பான கடத்தலால், அதாவது சக்தி செலவழித்து, உள்ளே எடுக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விட்டார்கள். சரி, எடுக்கிறது. ஆனால் சோடியத்தை மட்டும் எப்படித் தெரிந்து எடுக்கிறது? பொற்றாசியமும் அதே +1 ஏற்றம்தானே? அதை ஏன் விடுவதில்லை? யாராவது பொறுமையாகச் சொல்லித் தந்தால் நன்றி.

---

ஹட்டன் ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, கேள்வி நல்ல கேள்வி. பரீட்சைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சொல்கிறேன், பரவாயில்லைதானே.

முதலில் அந்த வாளியை முடித்துவிடுவோம். தவளையின் குருதியில் உப்பு லீற்றருக்கு 6 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும், கடல் நீரில் 35 கிராம் அளவில் இருக்கும். உங்கள் இரண்டு கைப்பிடி உப்பு கிட்டத்தட்ட கடல் நீர் அளவுக்கு வந்திருக்கும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் குடிக்கிறது, அதுவும் பின்னங்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பக்கமுள்ள தோலால். குடிக்கிற இடத்தாலேயே தண்ணீர் வெளியே போயிருக்கிறது. போதாததற்கு, வெளிநீரின் செறிவு அந்த அளவுக்கு ஏறினால் தோல் கலங்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் பொருத்துகளும் இளகிவிடும், அந்த இடைவெளியால் உப்பு உள்ளே கொட்டும். பாவம், ஒரு இரவு தாங்கியிருக்காது.

இப்போது பீலிக்கரைத் தவளை. அதன் குருதியில் சோடியம் லீற்றருக்கு 100 மில்லிமூல் அளவில், ஓடைத் தண்ணீரில் 1 மில்லிமூலுக்கும் குறைவு. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கொஞ்சம் உப்பு தோலாலும் சிறுநீராலும் போய்க்கொண்டேதான் இருக்கிறது, அந்த வரைக்கும் நீங்கள் நினைத்தது சரி. போவதை ஈடுசெய்ய அதே தோல் தண்ணீரிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஒகுஸ்ட் குரோக் 1937 இல் இதைக் காட்டினார்: உப்பு இழந்த தவளைகளை மிக ஐதான உப்பு நீரில் விட்டால், தோலாலேயே அதை இழுத்து எடுத்துக்கொள்கின்றன.

எப்படித் தெரிகிறது என்பதற்கு வருகிறேன். தோலை ஒரே மென்சவ்வு என்று நினைத்தால் கடைசிவரை விளங்காது, நாங்கள் படிப்பிக்கும்போது விடுகிற பிழையும் அதுதான். தோலின் கலங்களுக்கு இரண்டு முகம் உண்டு, ஒன்று தண்ணீரைப் பார்த்தது, மற்றது உடம்பைப் பார்த்தது. இரண்டு முகத்திலும் இருக்கிற கதவுகள் வேறு வேறு. தண்ணீர்ப் பக்கத்தில் சோடியத்துக்கு மட்டுமான கால்வாய். உடம்புப் பக்கத்தில் பொற்றாசியத்துக்கு மட்டுமான கால்வாய், அதோடு சோடியம் பொற்றாசியம் பம்பி. கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபி செலவாவது இந்தப் பம்பியில்தான். தண்ணீர்ப் பக்கக் கதவில் தெரிவு நடக்கிறது, சக்திச் செலவு இல்லை. இதை இரண்டு முகங்களாகப் பிரித்து வரைந்து காட்டியவர்கள் கூஃபோட்-யோன்சனும் ஹான்ஸ் உசிங்கும், 1958 இல்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கணக்கப்பிள்ளை நின்று நல்ல கொழுந்தை மட்டும் உள்ளே எடுக்கிறார், முற்றின இலையைக் கழிக்கிறார். பின்பக்கம் லொறி வந்து கொழுந்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. லொறி நின்றுவிட்டால் மடுவம் நிரம்பிவிடும், வாசல் திறந்திருந்தும் ஒரு கூடைகூட உள்ளே போகாது. பம்பி அந்த லொறி. ஒவ்வொரு தடவையும் 3 சோடியத்தைக் கலத்திலிருந்து உடம்புக்குள் தள்ளி, 2 பொற்றாசியத்தைக் கலத்துக்குள் கொண்டுவருகிறது. அதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு, இடம் எப்போதும் உண்டு.

பொற்றாசியம் ஏன் தண்ணீருக்குப் போய்விடுவதில்லை என்றால், தண்ணீர்ப் பக்க முகத்தில் அதற்குக் கதவே இல்லை என்பதால்தான். பம்பி உள்ளே கொண்டுவந்த பொற்றாசியம் வந்த பக்கத்தாலேயே உடம்புக்குத் திரும்புகிறது, சுற்றிச் சுற்றி வருகிறது, வீணாவதில்லை.

---

தலவாக்கலை மாணவி எழுதியது:

சேர், மடுவம் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது, மிக்க நன்றி. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. கணக்கப்பிள்ளை கண்ணால் பார்த்துக் கழிக்கிறார். கால்வாய்க்குக் கண் இல்லை, அது வெறும் ஓட்டை. ஆவர்த்தன அட்டவணையில் சோடியத்துக்குக் கீழே பொற்றாசியம், அதனால் சோடியம் சிறியது, பொற்றாசியம் பெரியது. சிறிய ஓட்டையால் பெரியது போகாது, அது சரி. ஆனால் உடம்புப் பக்கத்தில் பொற்றாசியம் போகிற ஓட்டை இருக்கிறதே, அதனால் அதைவிடச் சிறிய சோடியம் சும்மா நழுவிப் போகலாமே? அரிதட்டில் பெரிய கல் விழுந்தால் சிறிய கல்லும் விழும்தானே?

---

பேராதனை விலங்கியல் எழுதியது:

இந்தக் கேள்வியைத்தான் நானும் முதல் வருடத்தில் கேட்டேன், அதனால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன் சேர்.

தங்கச்சி, அரிதட்டு என்று நினைப்பதுதான் சிக்கல். தண்ணீரில் அயன் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொரு அயனும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறது, நுவரெலியாவில் விடியற்காலை மலைக்குப் போகிறவர்கள் கம்பளி போர்த்தியிருப்பது மாதிரி. கால்வாயின் குறுகிய இடத்தைத் தாண்ட அந்தக் கம்பளியைக் கழற்ற வேண்டும், கழற்றுவதற்குச் சக்தி வேண்டும். கழற்றின உடனே அதே அளவு சூடு வேறெங்கிருந்தாவது கிடைத்தால்தான் கழற்றும், கிடைக்காவிட்டால் வெளியிலேயே நிற்கும்.

பொற்றாசியக் கால்வாயின் உட்சுவரில் ஒட்சிசன் அணுக்கள் வளையம் வளையமாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி, கம்பளி கழற்றிய பொற்றாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. பொற்றாசியம் நடுவில் வந்து நின்றால் எல்லாப் பக்க ஒட்சிசனும் அதைத் தொடும், நீர் தந்த சூட்டை இப்போது அவை தரும், அதனால் கழற்றுவதில் நட்டமில்லை. சோடியம் வந்தால்? அதன் ஆரை 102 பிக்கோமீற்றர், பொற்றாசியத்துக்கு 138. சிறியதாக இருப்பதால் எல்லா ஒட்சிசனையும் ஒரே நேரத்தில் அதனால் தொட முடியாது. அதோடு சிறிய அயன் என்பதால் அதன் ஏற்றம் நீரை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதன் கம்பளி தடிப்பு. கழற்றினால் நட்டம் என்பதால் உள்ளே வருவதில்லை. சிறியதாக இருப்பதே அதற்குத் தடையாகிவிடுகிறது. 1998 இல் ரொட்ரிக் மக்கினனின் குழு ஒரு பற்றீரியாவின் பொற்றாசியக் கால்வாயை எக்ஸ் கதிரால் அணு அணுவாகப் படமெடுத்தபோது இது கண்ணுக்குத் தெரிந்தது, 2003 இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு உயிரியலில் பிடித்த ஒரேயொரு படத்தைச் சொல் என்றால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

தண்ணீர்ப் பக்கத்திலுள்ள சோடியக் கால்வாய் வேறு வகை. அதன் குறுகிய இடம் நீங்கள் சொன்ன அரிதட்டுக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது: சோடியமும் அதைவிடச் சிறிய லித்தியமும் போகும், பொற்றாசியம் போகாது, சோடியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகத்தான் விடும். ஆபத்தில்லை, ஓடைத் தண்ணீரில் லித்தியம் இருப்பதே அருமை. இந்தக் கால்வாய் மூன்று புரதத் துண்டுகள் சேர்ந்தது. 1993, 1994 ஆண்டுகளில் அதன் மரபணுக்களை எலியின் பெருங்குடலிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள், ஆனால் எது சரியான மரபணு என்று சோதித்துப் பார்த்தது ஆபிரிக்க நகத் தவளையின் முட்டைகளில். கடைசியில் அங்கேயும் தவளைதான் உதவியிருக்கிறது.

சேருக்கு ஒரு சின்னத் திருத்தம், கோபிக்க வேண்டாம். மடுவ உதாரணத்தில் ஏற்றம் இல்லை. கலத்துக்குள் சோடியம் லீற்றருக்கு 10 மில்லிமூல் அளவில் இருக்கும். ஓடையில் 1 என்றால், கலத்துக்குள்தான் அதிகம். அப்போது செறிவு குறைவு என்பதால் சோடியம் உள்ளே வருகிறது என்று சொல்ல முடியாது. அதை உள்ளே இழுப்பது கலத்தின் மறையேற்றம். பொற்றாசியம் உடம்புப் பக்கம் கசிந்துகொண்டே இருப்பதால் கலத்தின் உட்புறம் மறையாகிறது, நேரேற்றமுள்ள சோடியத்தை அந்த மறையேற்றம் இழுக்கிறது. பத்து மடங்கு செறிவு வித்தியாசத்தைச் சமாளிக்க ஏறத்தாழ 58 மில்லிவோல்ட்டு வேண்டும், அவ்வளவு கலத்திடம் இருக்கும். ஓடையில் 0.1 மில்லிமூல்தான் என்றால் வித்தியாசம் நூறு மடங்கு, அப்போது 116 வேண்டும். பொற்றாசியம் மட்டும் அவ்வளவைத் தருவது கஷ்டம். அங்கே இன்னொரு ஏற்பாடு: தோலில் இழைமணிகள் நிறைந்த சில கலங்கள் இருக்கின்றன, அவை தண்ணீர்ப் பக்க முகத்தில் ஐதரசன் அயனை வெளியே தள்ளும் பம்பி வைத்திருக்கின்றன. ஒரு நேரேற்றம் வெளியே போனால் உட்புறம் இன்னும் மறையாகிறது, சோடியம் வருகிறது. ஆகவே மிக ஐதான தண்ணீரில் வெளிமுகத்திலும் ஏடிபி செலவு உண்டு.

---

ஹட்டன் ஆசிரியர் எழுதியது:

கோபமா, சந்தோஷம். நான் சொன்னது ஆய்வுகூடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பு நீர் வைத்துப் பார்க்கும் தோலுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். பீலிக்கரைத் தவளைக்கு உங்கள் விளக்கம் சேர்ந்தால்தான் சரி.

அந்தப் பரிசோதனையையும் தங்கச்சிக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது என்பது விடையைவிட அழகு. தவளைத் தோலின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மின்னழுத்தத்தில் உயர்ந்தது என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே, ஜெர்மானிய உடற்றொழிலியலாளர் டுபுவா ரேமொன் காலத்திலிருந்தே தெரியும். ஏன் என்பது தெரியாது. உசிங் என்ன செய்தார், தோல் துண்டு ஒன்றை இரண்டு அறைகளுக்கு நடுவே திரை மாதிரிப் பொருத்தினார். இரண்டு அறையிலும் ஒரே கரைசல், அதனால் செறிவு வித்தியாசம் இல்லை. வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து மின்னழுத்த வேறுபாட்டையும் பூச்சியமாக்கினார். இப்போது எந்த அயனையும் தள்ளுவதற்கு வெளியே ஒன்றும் இல்லை. அப்படியும் மின்னோட்டம் நிற்கவில்லை. கதிர்த்தொழிற்பாடுள்ள சோடியத்தால் எண்ணிப் பார்த்தபோது, அந்த மின்னோட்டம் உள்ளே போகிற நிகரச் சோடியத்தின் அளவுக்குச் சமமாக இருந்தது. 1951 இல் செரானோடு சேர்ந்து வெளியிட்டார். உடம்பிலிருந்து பிரித்தெடுத்த தோல் தன்பாட்டுக்குச் சோடியத்தை நகர்த்திக்கொண்டிருந்தது, யோசித்துப் பாருங்கள். பம்பி என்ற நொதியத்தை யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பில் கண்டுபிடித்தது 1957 இல், அதற்கான நோபல் 40 வருடம் கழித்து 1997 இல்தான் வந்தது.

குளோரைட்டு என்னவாகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். சோடியம் உள்ளே போனதால் தோலின் உடம்புப் பக்கம் நேராகிறது, அந்த ஏற்றத்தைச் சமப்படுத்தக் குளோரைட்டு பின்னால் வருகிறது, பெரும்பாலும் வேறு கலங்கள் வழியாக. இப்போதைக்கு அது போதும்.

---

பதுளை பார்மசி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமிலோரைட் என்று ஒரு மருந்து இருக்கிறது, சிறுநீர் போகச் செய்யும் மாத்திரைகளில் ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு மற்ற மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். நீங்கள் பேசுகிற அந்தச் சோடியக் கால்வாயை அடைப்பதுதான் அதன் வேலை. எங்கள் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களிலும் அதே கால்வாய் இருக்கிறது. தவளைத் தோலின் தண்ணீர்ப் பக்கத்தில் அதைப் போட்டால் சேர் சொன்ன மின்னோட்டம் சட்டென்று விழுந்துவிடும், உடம்புப் பக்கத்தில் போட்டால் அப்படி விழாது. இரண்டு முகத்துக்கும் கதவு வேறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். அல்டோஸ்டெரோன் ஓமோன் சிறுநீரகத்திலும் தவளைத் தோலிலும் இந்தக் கால்வாயைக் கூட்டுகிறது. மருந்துக் கடையில் பத்து வருடமாக நிற்கிறேன், இதைத் தவளையோடு சேர்த்து யோசித்தது இன்றைக்குத்தான்.

---

மலைத்தவளை எழுதியது:

நான் படித்தது வணிகம், ஆனால் சில வருடங்களாக நக்கிள்ஸ் பக்கமும் ஹோட்டன் சமவெளிப் பக்கமும் இரவில் தவளை பார்க்கப் போகிறவர்களோடு சேர்ந்து போகிறேன். மேலே படித்ததும் எங்களுக்குச் சொல்லித் தந்த கட்டுப்பாடுகளின் அர்த்தம் இப்போதுதான் முழுதாக விளங்குகிறது. உலர்ந்த கையால் தொடாதே, அட்டைக்குப் பூசிய மருந்தோடு தொடாதே, நுளம்பு மருந்தோடு தொடாதே, ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகுமுன் சப்பாத்தைக் கழுவிக் காயவை. அது தோல் மட்டும் இல்லை, அதன் வாயும் சிறுநீரகத்தின் பாதியும் அங்கேதான் இருக்கிறது.

சப்பாத்துக் கழுவுவது கைட்ரிட் பங்கசுக்காக. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்ற நோய், 1998 இல்தான் முதன்முதலாக அறிவித்தார்கள். தோலின் மேற்படையில் மட்டும் வளர்கிற ஒரு பங்கசு முழுத் தவளையை எப்படிக் கொல்கிறது என்பது பல வருடம் யாருக்கும் விளங்கவில்லை. 2009 இல் அவுஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளையில் அளந்து பார்த்தார்கள்: நோய் முற்றிய தவளையின் தோலில் அயன் கடத்தல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, குருதியில் சோடியம் ஏறத்தாழ 20 வீதமும் பொற்றாசியம் ஏறத்தாழ 50 வீதமும் விழுந்திருந்தன, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற அந்தக் கதவுகளும் பம்பியும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் விடை.

இலங்கையில் நூறுக்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள், பெரும்பாலானவை இங்கே மட்டும் உள்ளவை. அதிலும் நிறைய எங்கள் மலைகளில் மட்டும். சிவனொளிபாதமலைக் காட்டில் 2009 இல் ஒரு தேரையைத் திரும்பக் கண்டார்கள், நூறு வருடத்துக்கு மேல் யாரும் காணாததால் அழிந்துவிட்டது என்று பதிந்து வைத்திருந்த இனம் அது. அதனால் தங்கச்சி, வாளியில் விழுந்தது ஒரு சாதாரணத் தவளையாக இருந்தாலும் நீங்கள் கவலைப்பட்டது நியாயம். அடுத்த முறை உயிரோடு கண்டால் உடனே எடுத்துப் பீலித் தண்ணியில், குழாய்த் தண்ணியில் இல்லை, மெதுவாகக் கழுவி ஈரமான நிழலில் விடுங்கள். அட்டைக்கு உப்பு வாளியே தேவையில்லை, முழங்கால் வரை வருகிற தடித்த துணியில் அட்டைக் காலுறை தைத்துக்கொள்ளலாம், நாங்கள் அதைத்தான் போடுகிறோம். முக்கியமாக அந்த உப்புத் தண்ணியைப் பீலிக்கரையில் கொட்ட வேண்டாம்.

---

தலவாக்கலை மாணவி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வாளிக்குப் பலகை மூடி போட்டாயிற்று, அதற்கு மேலே தம்பி ஒரு கல்லும் வைத்துவிட்டான். அம்மாவுக்குப் பழைய சாக்குத் துணியில் காலுறை தைக்கப் பார்க்கிறேன்.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பாருங்கள். வெளிமுகக் கதவு சோடியத்தை மட்டும் விடுகிறது. கலத்தின் மறையேற்றம் அதை இழுக்கிறது. அந்த மறையேற்றத்தைத் தருவது உள்முகத்தால் கசிகிற பொற்றாசியம், தண்ணி மிக ஐதாக இருந்தால் ஐதரசன் பம்பியும் சேர்கிறது. உள்முகப் பம்பி சோடியத்தை உடம்புக்குத் தள்ளி, பொற்றாசியத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது.

இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. ஒன்று, ஐதரசனை வெளியே தள்ள வேண்டும் என்றால், தண்ணி ஏற்கனவே அமிலமாக இருந்தால் தவளைக்குக் கஷ்டமா? இரண்டாவது, பீலிக்கரைக் குட்டையில் வாற்பேய்கள், தவளைக் குஞ்சுகள்தான், நிறைய இருக்கின்றன. அவற்றின் தோலும் இப்படித்தானா?

---

பேராதனை விலங்கியல் எழுதியது:

விளங்கிக்கொண்டது அப்படியே சரி.

அமிலத் தண்ணீர் கஷ்டம்தான். வெளியே ஐதரசன் அயன் நிறைய இருந்தால் அதற்கு எதிராகத் தள்ளுவது கடினம், சோடியம் வருவது குறையும், அதோடு கலங்களின் இறுக்கமும் தளர்ந்து உடம்புச் சோடியம் கூடுதலாகக் கசியும். தண்ணீரில் கல்சியம் இருந்தால் அந்த இறுக்கம் ஓரளவு காக்கப்படும். தேயிலை விரும்பும் மண்ணின் பிஎச் 4.5 இலிருந்து 5.5 வரை, ஆகவே உங்கள் பீலித் தண்ணீரை ஒரு தடவை பிஎச் தாளால் சோதித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள், மழைக்கு முன்னும் பின்னும். பாடசாலை ஆய்வுகூடத்தில் தாள் கேட்டால் தருவார்கள்.

வாற்பேயின் கதை வேறு. அதற்குப் பூக்கள், அதாவது மீனுக்கு இருப்பது போன்ற செவுள்கள், இருக்கின்றன, அயன்களை எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பூக்கள் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் சொன்ன சோடியக் கதவு தோலில் வேலை செய்யத் தொடங்குவது உருமாற்றத்தின்போதுதான், கால் முளைத்து, வால் சுருங்கி, பூக்கள் போகிற அந்தக் காலத்தில். எங்கள் மலைக்காட்டுச் செடித்தவளைகளுக்கு அந்தக் கட்டம் நீரில் நடப்பதே இல்லை, ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே முழுவதும் முடிந்து, நகத்தளவு தவளையாகத்தான் வெளியே வருகின்றன.